ஒத்தைக் கண்ணாடி ஞானையா

1907-ஆம் வருஷத்தில் பாளையங்கோட்டையில் மூக்குக்கண்ணாடி போட்டிருந்தவர்கள் மொத்தம் நாற்பது பேர் இருந்தால் அதிகம். வக்கீல்கள், பென்ஷன் வாங்கிய உத்தியோகஸ்தர்கள், பாதிரிமார், தலைமை வாத்தியார்கள். இவர்களில் பாதிப் பேருக்குக் கண் நன்றாகவே தெரியும். தங்கக் கம்பி, வெள்ளிக் கம்பி, கழுத்தில் தொங்கும் கறுப்பு நாடா என்று அவரவர் கௌரவத்துக்குத் தக்கபடி மாட்டிக்கொண்டு கல்யாணத்துக்கும் ஆராதனைக்கும் போய்வந்தார்கள். கண்ணாடி போட்டவர் படித்தவர். படித்தவர் கண்ணாடி போடவேண்டியவர். இவ்வளவு ஒழுங்காக நடந்துகொண்டிருந்த ஏற்பாட்டைக் கெடுத்தவர் ஞானையா.

அவர் பெரிய கலகக்காரர் ஒன்றுமில்லை. வயது முப்பத்தெட்டு. ஒரு சங்கத்தின் சார்பில் சுவிசேஷப் புத்தகங்களைத் தோள்பையில் சுமந்துகொண்டு, பாளையங்கோட்டையிலிருந்து ஆற்றோரமாகவே பாபநாசம் வரைக்கும் நடந்து, ஊர் ஊராக விற்பது அவர் வேலை. ஜனங்கள் அவரை உபதேசியார் என்று கூப்பிட்டார்கள். ஆனால் உபதேசம் செய்ய அவருக்குக் கூச்சம். புத்தகத்தை நீட்டுவார், சிரிப்பார், நிற்பார். அதற்கு மேல் பரிசுத்த ஆவியானவர் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். ஆவியானவருக்கும் அந்தப் பக்கம் வேலை அதிகம் போலும், புத்தகம் விற்கவில்லை.

முக்கூடலில் ஒரு மளிகைக் கடைக்காரர்தான் காரணத்தைச் சொன்னார். நன்றாகப் படிக்கத் தெரிந்தவர். புத்தகத்தைக் கை நீளுகிற மட்டும் தள்ளிப் பிடித்தார். தலையைப் பின்னால் சாய்த்தார். கை போதவில்லை.

"எழுத்தெல்லாம் வெளுத்துக் கிடக்கு வே. இதை வாங்கி நான் என்ன செய்யட்டும்? வெல்லம் மடிக்கலாம், அவ்வளவுதான்."

அது வெள்ளெழுத்து. நாற்பது வயதானால் பக்கத்தில் இருப்பது மங்கும், எட்டத்தில் இருப்பது தெரியும். ஞானையா யோசித்துப் பார்த்தார். புத்தகம் வாங்கும் அதிகாரம் வீட்டில் பெரியவர்களுக்கு. பெரியவர்களுக்கு எழுத்து கண்ணுக்குத் தெரியாது. எழுத்து தெரிகிற வயதினருக்கு வாங்கும் அதிகாரம் இல்லை. இந்த மூன்று வரியை அவர் ஒரு காகிதத்தில் எழுதி, 'புத்தகத்தோடு வெள்ளெழுத்துக் கண்ணாடியும் கொண்டுபோனால் நலம்' என்று சேர்த்து, சங்கத்தின் கமிட்டி முன்னால் வைத்தார்.

கமிட்டி கூடியது. ஒன்பது பேர். ஒன்பது பேரும் கண்ணாடி போட்டவர்கள். காரியதரிசி ஞானசிகாமணி அந்தக் காகிதத்தைக் கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார்.

"உம்ம சுவிசேஷம் விக்க அனுப்புனோம். நீரு கண்ணாடிக் கடை வைக்கணுங்கீரு. விசுவாசக் கண்ணு திறந்தா மாம்சக் கண்ணு தானா திறக்கும் வே."

"ஐயா, நீங்க கண்ணாடி போட்டிருக்கீங்களே?" என்று ஞானையா கேட்டார். குத்திக் காட்டும் எண்ணம் அவருக்கு இல்லை. உண்மையாகவே சந்தேகம்.

கமிட்டி அந்தக் கேள்வியை நடவடிக்கைக் குறிப்பில் ஏற்றாமல் விட்டது. ஜெபம் செய்து கலைந்தது.

ஞானையா அடுத்த வாரமே தூத்துக்குடிக்குப் போய், ஜெர்மனியிலிருந்து வரும் சாமான்களை விற்கிற ஒரு வியாபாரியிடம் இரண்டு டஜன் கண்ணாடி வாங்கிவந்தார். மெல்லிய இரும்புக் கம்பி, வட்டக் கண்ணாடி, காதில் மாட்டும் இடத்தில் சும்மா ஒரு வளைவு. நாற்பது வயதுக்கு ஒரு பவர், நாற்பத்தைந்துக்கு ஒன்று, ஐம்பதுக்கு ஒன்று. ஒரு பிஸ்கோத்துத் தகரப் பெட்டியில் பஞ்சு பரப்பி அடுக்கிக்கொண்டார். செய்தி கமிட்டிக்கு எட்டியது. 'லௌகீக வியாபாரத்தில் கால் வைத்தமையால்' அவர் வேலையிலிருந்து விலக்கப்பட்டார். அந்தத் தீர்மானம் மட்டும் குறிப்பில் மிக அழகான கையெழுத்தில் இருக்கிறதாம்.

அவருடைய மனைவி இன்பமணி மிஷன் தையல் வகுப்பில் பெண்பிள்ளைகளுக்குப் பின்னல் வேலை சொல்லிக்கொடுப்பவள். கணவன் வேலை போன செய்தியைக் கேட்டு அவள் அழவில்லை. பெட்டியைத் திறந்து ஒரு கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு அவரைப் பார்த்தாள்.

"இதைப் போட்டா நீரு கொஞ்சம் பெரிசாத் தெரியுதீரு. ஒரு ஆதாயம் அதுதான்" என்றாள்.

இனி முழுநேரக் கண்ணாடி வியாபாரம். முக்கூடல் மளிகைக் கடைக்காரர் ஒன்று வாங்கினார். ஒரு கணக்குப்பிள்ளை ஒன்று வாங்கினார். வழி நெடுகப் படித்தவர்களைத் தேடித் தேடி ஞானையா நடந்தார். அந்த வட்டாரத்தில் படித்தவர்களைத் தேடி நடப்பது உடம்புக்கு நல்ல வேலை. மூன்றாம் மாதம் முக்கூடலுக்கு வெளியே வயல் வரப்பில் உட்கார்ந்து அவர் கட்டுச்சோற்றை அவிழ்த்தபோது, அம்மையப்ப பிள்ளையின் பண்ணையில் வேலை பார்க்கும் பலவேசம் வந்து எட்ட நின்றான். வயது ஐம்பதுக்குப் பக்கம்.

"உபதேசியாரையா, அந்தக் கண்ணு மாட்டுத சாமான் எனக்கும் ஒண்ணு வேணும்."

"உனக்கா? உனக்குப் படிக்கத் தெரியுமா பலவேசம்?"

கேட்டவர் ஞானையாதான். அவரை நல்லவராகவே காட்ட எனக்கு ஆசை, என்ன செய்ய? வேலையைப் பறிகொடுத்து வந்த மனிதரும் கமிட்டியின் மூளையில் பாதியைப் பெட்டிக்குள் வைத்துச் சுமந்துகொண்டுதான் வந்திருக்கிறார்.

"படிப்பு எதுக்குய்யா? முள்ளு எடுக்கணும்" என்றான் பலவேசம். காலைத் தூக்கிக் காட்டினான். உள்ளங்காலில் ஒரு கருவேல முள் முறிந்து உள்ளே நின்று, சுற்றிலும் பழுத்திருந்தது. "தைச்ச இடம் தெரியுது. முள்ளு தெரியலை. எம்பொஞ்சாதி இசக்கியம்மாவுக்கும் தெரியலை. அவ சோத்துல தினம் கல்லு. எனக்கு ஒரு பல்லு போயாச்சு."

ஞானையா சோற்றை மூடி வைத்தார். பெட்டியைத் திறந்து ஐம்பது வயதுக் கண்ணாடியை எடுத்து அவனுக்கு மாட்டிவிட்டார். பலவேசம் தன் காலைப் பார்த்தான். பிறகு தன் கையைப் பார்த்தான். ரேகை, வெட்டுக்காயம், நகத்துக்குள் சேறு எல்லாவற்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கடைசியில், "இம்புட்டுக் கிழடாயிட்டேனா நான்?" என்று கேட்டுவிட்டு, வேலிமுள் ஒன்றை ஒடித்து, உள்ளே இருந்த முள்ளைத் தானே எடுத்தான்.

அன்று வீடு திரும்பிய ஞானையா மனைவியிடம் இதைச் சொன்னார். உள்ளங்காலில் முள் தைத்தவர்கள் ஆற்றின் இரண்டு கரையிலும் எத்தனை பேர் இருப்பார்கள் என்று கேட்டார். படித்தவர்களைவிட ஜாஸ்தி என்று இன்பமணி சொன்னாள்.

ஒரு சிக்கல் இருந்தது. யாருக்கு எந்தப் பவர் என்று பார்ப்பதற்குத் தூத்துக்குடி வியாபாரி கொடுத்த அட்டையில் வரிசை வரிசையாக எழுத்துகள், அதுவும் இங்கிலீஷ் எழுத்துகள். வியாபாரியிடம் கேட்டதற்கு, "எழுத்து தெரியாதவனுக்குக் கண்ணாடி எதுக்கு அண்ணாச்சி?" என்று அவர் திருப்பிக் கேட்டிருந்தார். உலகத்தில் இந்த ஒரு விஷயத்திலாவது எல்லாரும் ஒருமனதாக இருந்தார்கள்.

இன்பமணி அட்டையை அடுப்பு விசிறப் பயன்படுத்தினாள். அதற்குப் பதிலாக அவள் மூன்று ஊசி எடுத்தாள். கோணி ஊசி, துணி ஊசி, பின்னல் ஊசி. கூடவே சுளகு என்கிற சின்ன முறத்தில் ஒரு பிடி குறுணை அரிசி, அதற்குள் எண்ணிப் போட்ட பன்னிரண்டு வெள்ளைக் கல். பின்னல் ஊசியில் நூல் கோத்து, பன்னிரண்டு கல்லையும் பொறுக்கி எடுத்துவிட்டால் அந்தக் கண்ணாடி சரி. எட்டுக் கல்தான் வந்தால் அடுத்த பவர்.

"இதுல பெயில் ஆனா சோத்துல தெரிஞ்சிரும்" என்றாள்.

அதிலிருந்து இருவரும் சேர்ந்தே நடந்தார்கள். ஆண்களுக்கு அவர், பெண்களுக்கு அவள். நாவிதர்கள் வாங்கினார்கள், அவர்களிடம் தலையைக் கொடுத்தவர்கள் இரட்டிப்பு நிம்மதி அடைந்தார்கள். வீரவநல்லூர் நெசவாளிகள் வாங்கினார்கள். செல்லக்கிளி என்ற மருத்துவச்சி வாங்கினாள். பத்து வருஷமாகத் தொப்புள்கொடியைத் தடவித் தடவித்தான் கட்டிக்கொண்டிருந்தேன் என்று அவள் சொன்னபோது, அந்தப் பக்கத்தில் பிறந்திருந்தவர்கள் எல்லாம் தங்கள் வயிற்றை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். பணமாகக் கொடுத்தவர்கள் குறைவு. முட்டை, கோரை, கருப்பட்டி, ஒரு தடவை உயிரோடு ஒரு சேவல். ஞானையா எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார்.

இவ்வளவும் அம்மையப்ப பிள்ளையின் கண்ணில் படாமல் இருக்குமா? அவரும் கண்ணாடி போட்டவர். தங்கக் கம்பி. அதில் இருந்தது வெறும் ஜன்னல் கண்ணாடிதான் என்பது அவருக்கும் அவருடைய தட்டானுக்கும் மட்டும் தெரிந்த ரகசியம் என்று அவர் நினைத்திருந்தார். ஒருநாள் காலையில் பலவேசம் தெருவழியாகக் கண்ணாடியோடு போனான். பிள்ளை வாசலில் பல் துலக்கிக்கொண்டிருந்தார்.

"ஏலே பலவேசம், நில்லுலே. மூக்குல என்னலே?"

"கண்ணாடிங்க எசமான்."

"என் கண்ணு அவிஞ்சா போச்சு? கண்ணாடின்னு தெரியுது. உனக்கு எதுக்குலே? நீ என்ன வக்கீலா? எனக்கு எதிரே கண்ணாடி போட்டுக்கிட்டு நடந்து போவியா?"

"கழட்டிட்டா எசமான் எதிரே நிக்கியது தெரியாதுங்களே. கும்பிடாம போயிருவேன்" என்றான் பலவேசம். எட்டத்துப் பார்வை அவனுக்கு நன்றாகவே இருந்தது. ஆனால் அந்த நேரத்தில் வாயில் அதுதான் வந்தது.

பிள்ளை கொப்புளித்துத் துப்பினார். யோசித்தார். அந்த வருஷம் பலவேசமும் இசக்கியம்மாவும் இன்னும் நாலு பேரும் கண்ணாடி போட்டுக் களை பறித்ததில், நெல்லைப் போலவே நிற்கிற புல் ஒன்றுகூடத் தப்பவில்லை. பக்கத்துப் பண்ணைக்காரர்கள் வந்து வயலைப் பார்த்துவிட்டுப் போனார்கள். பிள்ளை நியாயஸ்தர். கண்ணாடியை வயலில் போடலாம், தெருவில் மடியில் செருகிக்கொள்ள வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார். தனக்குப் பிரயோஜனமான இடத்தில் அவர்களுக்குக் கண் தெரிவதில் அவருக்கு ஆட்சேபம் இல்லை.

ஞானையாவுக்கு இதைக் கேட்டதும் நெஞ்சு கொதித்தது. பிள்ளையிடம் போய்ப் பேசவேண்டும் என்று கிளம்பினார். பாதி வழியில் என்ன பேசுவதென்று தெரியாமல் திரும்பிவிட்டார். அந்தக் கூச்சம் அவருக்குச் சாகிற வரைக்கும் போகவில்லை.

பத்தமடையில் ஆபிதா பீவி என்று ஒரு பாய் முடைகிறவர் இருந்தார். கோரையை ஆற்றுத் தண்ணீரில் ஊறப்போட்டு, நூல் மாதிரிக் கிழித்து, சாயம் ஏற்றி நெய்கிற பட்டுப்பாயில் அந்த ஊரில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. சுருட்டினால் ஒரு கைக்குள் அடங்கும் பாய். அந்தப் பாய்கள் ஜமீன் அரண்மனைகளுக்கும் துரைமார் பங்களாக்களுக்கும் போகும். நெய்தவர் பெயர் எங்கேயும் போகாது. நாற்பத்தேழு வயதில் கோரை இழை கண்ணுக்குத் தெரியாமல் போகவே, அவர் மூன்று வருஷமாகச் சந்தைக்குப் போகிற முரட்டுப் பாய்களை நெய்துகொண்டிருந்தார். வேற்று ஆண்பிள்ளை என்பதால் ஞானையா அந்த வீட்டுக்குள் போகக் கூடாது. இன்பமணிதான் உள்ளே போனாள்.

ஆபிதா பீவி ஊசியை வேண்டாம் என்று தள்ளிவிட்டார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு கோரையை எடுத்து நகத்தால் கிழித்தார். இரண்டானது. அதில் ஒன்றைக் கிழித்தார். மறுபடியும் கிழித்தார். கடைசி இழையை ஜன்னல் வெளிச்சத்தின் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"தங்கச்சி, மூணு வருசமா என் கையிதான் கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன். கையைத் திட்டிக்கிட்டே இருந்தேன்" என்றார். அப்புறம் இன்னொரு கோரையை எடுத்துக் கிழித்தார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த காரியத்தை 1914-இல் ஐரோப்பாவின் ராஜாக்கள் கவனித்துக் கெடுத்தார்கள். யுத்தம் வந்தது. ஜெர்மன் சாமான் வருவது நின்றது. தூத்துக்குடி வியாபாரி கையை விரித்தார். மதராஸில் கிடைத்த இங்கிலீஷ் கண்ணாடியின் விலையைக் கேட்டு ஞானையா அங்கேயே கடைப் படியில் உட்கார்ந்துவிட்டார். பென்ஷன்காரர்கள் வீட்டில் சும்மா கிடக்கும் பழைய கண்ணாடிகளைத் தர்மமாகக் கேட்டுப் பார்த்தார். பெரியவர் காலமாகிவிட்டார், ஆனால் கண்ணாடி படத்துக்கு முன்னால் இருக்க வேண்டும் என்று சொன்னார்கள். நாலு வீட்டில் நாலு படத்துக்கு முன்னால் நாலு நல்ல கண்ணாடி இருந்தது. அவர் பார்த்துவிட்டு வந்தார்.

வழி காட்டியது ஆபிதா பீவிதான். பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்திக்குக் கண் மங்கியது. கொடுப்பதற்குப் பெட்டியில் ஒன்றும் இல்லை. ஆபிதா பீவி தன் கண்ணாடியைக் கழற்றி இன்பமணியிடம் நீட்டினார்.

"இதைக் குறுக்க ஒடிச்சிரு. எனக்கு ஒரு கண்ணு போதும். இன்னொண்ணு அவளுக்கு."

"அக்கா, ஒத்தைக் கண்ணுல எப்படி நெய்வீங்க?"

"ஊசி கோக்கும்போது எல்லாரும் ஒரு கண்ணை மூடிக்கிடத்தானே செய்யுதோம்?"

அன்றிலிருந்து ஞானையா கண்ணாடிகளைப் பாதியாக்கினார். நடுக்கம்பியை வெட்டி, ஒற்றை வட்டத்துக்கு ஒரு வளையம் முறுக்கி, புருவத்துக்கும் கன்னத்துக்கும் நடுவில் நிற்கிற மாதிரி வளைத்து, ஒரு நூல் கட்டித் தலையைச் சுற்றி விட்டார். ஒன்று இரண்டானது. முதலில் வாங்கியவர்கள் தங்கள் கண்ணாடிகளைத் தாங்களே கொண்டுவந்து பாதியை மற்றவருக்குக் கொடுத்தார்கள். பலவேசம் ஒரு பாதி, இசக்கியம்மா ஒரு பாதி. யுத்தத்துக்காக ஊரில் பெரிய மனுஷர்கள் எல்லாம் மேடை போட்டுத் தியாகம் பற்றிப் பேசிக்கொண்டிருந்த காலம் அது. இவர்கள் கண்ணாடியை ஒடித்த செய்தி எந்த மேடைக்கும் எட்டவில்லை.

ஒற்றைக் கண்ணாடி போடுகிற ஜாதி ஒன்று ஏற்கெனவே உலகத்தில் இருக்கிறது என்பது ஞானையாவுக்குத் தெரியாது. சீமையில் பிரபுக்கள், பெரிய அதிகாரிகள் எல்லாம் ஒரு கண்ணில் மட்டும் ஒரு வட்டக் கண்ணாடியை இடுக்கிக்கொண்டு உலகத்தைப் பார்ப்பார்களாம். 1916-இல் முக்கூடல் பக்கம் முகாம் வந்த துரை அப்படிப்பட்டவர். பெயர் வேண்டாம். வலது கண்ணில் கண்ணாடி, மேல் உதட்டில் மீசை, குதிரைமேல் முதுகு நேராக வந்துகொண்டிருந்தார். பின்னால் தாசில்தார் காந்திமதிநாதன் தலைப்பாகையைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்துகொண்டிருந்தார்.

அம்மையப்ப பிள்ளையின் வயலில் பதினேழு பேர் களை பறித்துக்கொண்டிருந்தார்கள். குதிரைச் சத்தம் கேட்டதும் பதினேழு பேரும் நிமிர்ந்தார்கள். பதினேழு பேரின் வலது கண்ணிலும் ஒரு வட்டக் கண்ணாடி வெயிலில் பளிச்சென்று மின்னியது.

குதிரை நின்றது. துரையின் கண்ணிலிருந்து கண்ணாடி நழுவி நாடாவில் தொங்கியது. முகம் செக்கச் செவேலென்று ஆயிற்று. அந்தச் சில வருஷங்களாகவே அதிகாரிகளுக்கு எதைப் பார்த்தாலும் ராஜத்துரோகமாகத் தெரிந்துகொண்டிருந்தது. இங்கே ஒரு சேனையே சேற்றில் நின்றுகொண்டு துரையைப் போல வேஷம் போடுகிறது. அவர் இங்கிலீஷில் கத்தினார். தாசில்தார் அதைத் தமிழில் கத்தினார்.

"யாருலே உங்களுக்கு இப்படி வேசம் போடச் சொன்னது? துரையைப் பழிக்கியளோ?"

இசக்கியம்மா தைரியசாலி. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள். துரையின் நெஞ்சில் ஆடிக்கொண்டிருந்த ஒற்றைக் கண்ணாடியைப் பார்த்தாள். அவள் முகத்தில் இரக்கம் வந்தது.

"ஐயோ, தொரைக்கும் பாதிதான் கெடச்சுதா? சண்டையினால அங்கனயும் தட்டுப்பாடு போலுக்கு" என்றாள்.

தாசில்தார் இதை மொழிபெயர்க்கவில்லை. அவருக்கு இன்னும் ஆறு வருஷம் சர்வீஸ் இருந்தது.

மறுநாள் உத்தரவு வந்தது. ஒற்றைக் கண்ணாடிகள் அனைத்தும் விசாரணைக்காகக் கைப்பற்றப்பட வேண்டும். செய்தவன் தாலுகா கச்சேரியில் ஆஜராக வேண்டும். போலீஸ்காரர்கள் இரண்டு நாள் ஊர் ஊராக அலைந்து இருபத்துமூன்று கண்ணாடிகளைச் சேர்த்துக்கொண்டு போனார்கள். பத்தமடையில் ஆபிதா பீவியின் வாசலில் ஒரு போலீஸ்காரர் தயங்கி நின்றார். உள்ளே போக முடியாது. அந்த அம்மாளிடம் கண்ணாடி இருக்கிறது என்று எழுதிக்கொண்டும் வரவில்லை. திரும்பிப் போயிருப்பார். ஆனால் உள்ளேயிருந்து ஒரு சின்னத் துணி முடிச்சு வெளியே வந்தது.

"சர்க்கார் உத்தரவு இல்லையா? என்னதையும் கொண்டு போங்க. எனக்கு மட்டும் என்ன தனிச் சட்டம்?"

போலீஸ்காரர் அவருடைய ராஜவிசுவாசத்தை மெச்சிவிட்டு எடுத்துக்கொண்டு போனார்.

கச்சேரியில் ஞானையா நாலு நாள் நின்றார். தாசில்தார் கேட்டார்: "யார் தூண்டி இதைச் செய்தீரு வே? உண்மையைச் சொல்லும்."

"ஐயா, கண்ணாடி பத்தலை. அதான் பாதியா ஆக்குனேன்."

"அது தெரியும். உள்நோக்கம் என்னன்னு கேக்குதேன்."

"முள்ளு எடுக்கதுக்குய்யா."

தாசில்தார் எழுதிக்கொண்டிருந்த குமாஸ்தாவைப் பார்த்தார். குமாஸ்தா பேனாவைப் பார்த்தார். 'குற்றவாளி மழுப்பலாகப் பதில் சொல்கிறான்' என்று எழுதப்பட்டது. வீட்டுக்குப் போனால் ஞானையாவுக்குச் சோறு இறங்கவில்லை. ஜெயிலுக்குப் போவோமோ என்ற பயம் ஒரு பக்கம். இருபத்துமூன்று பேர் தடவிக்கொண்டு நிற்கிறார்களே என்பது இன்னொரு பக்கம். எது அதிகமாக வலித்தது என்று தனக்கே தெரியவில்லை என்று பிற்பாடு இன்பமணியிடம் சொல்லியிருக்கிறார்.

இதற்கிடையில் தாசில்தாருக்கு வேறொரு கவலை. துரைக்கு மாற்றல் வந்திருந்தது. இன்னும் இருபது நாளில் பிரிவுபசாரம். துரையின் மனைவியான துரைசானிக்குக் கொடுப்பதற்காகப் பெரிய மனுஷர்கள் எல்லாம் சேர்ந்து ஒரு பட்டுப்பாய்க்குச் சொல்லியிருந்தார்கள். நடுவில் ரோஜாப் பூவும் துரைசானியின் பெயரும் வரவேண்டும். அம்மையப்ப பிள்ளைதான் பிரிவுபசாரக் கமிட்டிக்குத் தலைவர். அந்தப் பாய் ஆபிதா பீவியின் தறியில் முக்கால்வாசி முடிந்திருந்தது.

முடிந்ததா என்று பார்த்துவரச் சேவகன் போனான். திரும்பி வந்து, பாய் ஒரு விரல்கூட ஏறவில்லை என்றான். இன்னொரு சேவகன் போனான். அதே பதில். கடைசியில் தாசில்தாரும் அம்மையப்ப பிள்ளையும் வில்வண்டி கட்டிக்கொண்டு தாங்களே பத்தமடைக்குப் போனார்கள். கதவுக்கு வெளியே தெருவில் நின்றார்கள். கதவுக்கு உள்ளே ஆபிதா பீவி நின்றார். நடுவில் ஒரு திரை.

"பாய் ஏன் நிக்குது? நாள் நெருங்குதுல்லா" என்றார் தாசில்தார்.

"கண்ணைக் கச்சேரியில வெச்சுப் பூட்டிட்டு, பாயை இங்கன வந்து கேட்டா எப்படி?" என்றது திரை.

தாசில்தார் பிள்ளையைப் பார்த்தார். பிள்ளை தன் தங்கக் கம்பிக் கண்ணாடியைக் கழற்றினார். பெரிய தியாகம்தான், மறுக்க முடியாது. "இந்தா, இதை வெச்சு முடிச்சிரும்மா" என்று திரைக்குக் கீழே நீட்டினார்.

ஒரு கை அதை வாங்கிக்கொண்டது. பிறகு கண்ணாடி திரும்பி வந்தது.

"அண்ணாச்சி, இதுல பார்த்தாலும் ஒண்ணுதான், பாக்காட்டாலும் ஒண்ணுதான். சன்னல்ல மாட்ட வேண்டியதை யாரோ உங்க மூக்குல மாட்டியிருக்கான்."

தெருவில் வேடிக்கை பார்க்க நின்ற இருபது முப்பது பேரும் இதைக் கேட்டார்கள். சிரித்தார்கள் என்று சொல்ல மாட்டேன். திரும்பி நின்றுகொண்டார்கள்.

அன்று மாலையே தாசில்தார் ஆபிதா பீவியின் கண்ணாடியை மட்டும் கொடுத்தனுப்பினார். அது வந்தபடியே திரும்பிப் போனது. தனக்குக் கோரை கிழிக்க இரண்டு பேர், சாயம் பார்க்க ஒருத்தி, பாவு பிடிக்க ஒருத்தி தேவை. அவர்களுக்கும் கண் வேண்டும். அவர்கள் கண்ணாடி எது என்று தனக்கு அடையாளம் தெரியாது. ஆகையால் இருபத்துமூன்றையும் அனுப்பினால் பொறுக்கி எடுத்துக்கொள்வதாகச் சேவகனிடம் சொல்லியனுப்பினார். தாசில்தார் ஒருநாள் முழுக்க அதிகாரத்தின் மானத்தைப் பற்றி யோசித்தார். பிறகு துரைசானியைப் பற்றி யோசித்தார். மறுநாள் இருபத்துமூன்று கண்ணாடிகளும் ஒரு சர்க்கார் பையில், அரக்கு முத்திரையோடு, பத்தமடைக்குப் போய்ச் சேர்ந்தன. இன்பமணி அவற்றை வாங்கி, உரியவர்களிடம் நடந்தே கொண்டுபோய்க் கொடுத்தாள். ஞானையாமீது இருந்த விசாரணை என்ன ஆயிற்று என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. கச்சேரிக்கு வரவேண்டாம் என்று மட்டும் சொன்னார்கள்.

பாய் முடிந்தது. பிரிவுபசாரத்தில் எல்லாரும் கை தட்டினார்கள். துரைசானி அதைத் தொட்டுப் பார்த்து, இது எந்த மில்லில் செய்தது என்று கேட்டாராம். தாசில்தார் ஏதோ பதில் சொன்னார்.

அதற்கப்புறம் அம்மையப்ப பிள்ளை கண்ணாடி போடவில்லை. அவருடைய ஆட்கள் தெருவில் கண்ணாடியோடு நடந்தால் கண்டும் காணாததுபோல் இருந்தார். ஒரு வருஷம் கழித்து அவருக்கு உண்மையாகவே வெள்ளெழுத்து வந்தது. ஆள் அனுப்பினார். ஞானையா போய், சுளகில் பன்னிரண்டு கல்லைப் போட்டு அவர் முன்னால் வைத்தார். பிள்ளை ஏழுதான் பொறுக்கினார்.

சங்கத்தாரும் சும்மா இருக்கவில்லை. முக்கூடல், பத்தமடை வழியில் தங்கள் புது ஆளின் புத்தக விற்பனை ஏன் இவ்வளவு கூடியிருக்கிறது என்று அந்த வருஷத்து அறிக்கையில் ஆராய்ந்திருந்தார்கள். கமிட்டியாரின் இடைவிடாத ஜெபமே காரணம் என்று கண்டார்கள்.

யுத்தம் முடிகிற சமயத்தில் ஞானையாவுக்கே கண் மறைக்க ஆரம்பித்தது. வெள்ளெழுத்து இல்லை, புரை. அதற்குப் பெட்டியில் மருந்து இல்லை. ஒன்றரை வருஷம் அவர் வீட்டில் இருந்து தடவித் தடவிக் கம்பி வளைத்துக் கொடுக்க, இன்பமணி மட்டும் நடந்தாள். வள்ளியூர் சந்தை வரைக்கும் போய்வந்தாள். அவர் தன்னை உபயோகமற்றவன் என்று சொல்லி அழுத நாட்கள் உண்டு. அவள், "அழுதா புரை கரையாது, அந்தக் கம்பியை நிமிர்த்தும்" என்பாள்.

1919-இல் ஒரு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் ஆயிற்று. பத்து நாள் கழித்துக் கட்டை அவிழ்த்தார்கள். சோடாப் புட்டியின் அடிப்பாகம் மாதிரித் தடிமனான கண்ணாடியை டாக்டர் மாட்டிவிட்டார். ஞானையா மெதுவாகத் தலையைத் திருப்பினார். கட்டிலின் பக்கத்தில் இன்பமணி நின்றிருந்தாள்.

"ஏட்டி, என்ன இப்படி நரைச்சுப் போயிட்டே?"

"நீரு பாக்காம இருந்த நேரத்துல நடந்துபோச்சு" என்றாள் இன்பமணி. "எழும்பும். நாளைக்குச் சேரன்மாதேவியில நாலு பேரு காத்துக்கிட்டு இருக்காவ."